ஞாயிறு கறி, மீதி ஆறு நாள் என்ன? கொங்கு வீடுகளுக்கான நெகிழ்சைவ வழிகாட்டி

புரட்டாசி முடிந்து வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை, ஈரோட்டிலும் திருப்பூரிலும் கோவையிலும் கறிக்கடை முன்னால் விடிவதற்கு முன்பே கூட்டம் நின்றுவிடும். ஒரு மாதம் முழுவதும் கறி தொடாத வீடுகள் அவை. அந்த ஒரு மாதத்தில் இடுப்புச் சுற்றளவு குறைந்ததா, சர்க்கரை இறங்கியதா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இல்லை என்றே பதில் வரும். கறி இருந்த இடத்துக்குப் பூரியும் உருளைக்கிழங்கும் வந்தன. மாலையில் பேக்கரி பப்ஸும் போண்டாவும் வந்தன. கூடவே ஒரு கரண்டி சோறும் கூடியது. விரதத்துக்கு அதற்குரிய மரியாதை உண்டு, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. உணவுமுறை என்று பார்த்தால் மட்டும், கறியை நிறுத்துவது பாதி வேலைதான். அந்த இடத்தில் எதை வைக்கிறோம் என்பது மீதிப் பாதி. இந்த வழிகாட்டியில் அந்த மீதிப் பாதியைப் பற்றியே அதிகம் பேசப் போகிறேன்.

முதலில் இரண்டு விஷயங்களைப் பிரித்துக்கொள்வோம். டயட் என்றதும் எடை குறைக்க நாற்பது நாள் கடைப்பிடிக்கும் கட்டுப்பாடு என்றே பலர் நினைக்கிறார்கள். ஒருவர் ஆண்டு முழுவதும் வழக்கமாக என்ன சாப்பிடுகிறார், எவ்வளவு சாப்பிடுகிறார், எந்த நேரத்தில் சாப்பிடுகிறார், எப்படிச் சமைத்துச் சாப்பிடுகிறார் என்பதெல்லாம் சேர்ந்ததே அவருடைய உணவுமுறை. எல்லோருக்கும் ஒன்று இருக்கிறது, திட்டமிட்டாலும் திட்டமிடாவிட்டாலும். ஃப்ளெக்ஸிடேரியன் என்று இப்போது சொல்லப்படும் நெகிழ்சைவம் இதில் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது: தட்டில் செடியிலிருந்து வருவது எவ்வளவு, விலங்கிலிருந்து வருவது எவ்வளவு? பெரும்பாலான நாட்கள் தானியம், பயறு, காய்கறி, பழம், கடலை. எப்போதாவது அளவாகக் கறி, மீன், முட்டை. எண்ணெய், உப்பு, சர்க்கரை, சோற்றின் அளவு ஆகியவை பற்றி அது எதுவும் சொல்வதில்லை. ஆகவே ஒருவர் முறைப்படி நெகிழ்சைவராக இருந்துகொண்டே மோசமாகச் சாப்பிடவும் முடியும்.

கொங்கு நாட்டுக்கு நெகிழ்சைவம் வெளியிலிருந்து வந்த பழக்கம் இல்லை. அமுச்சி, அப்புச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி, தாத்தா) காலத்தில் ஆட்டுக்கறி என்றால் நோன்பு எனும் பண்டிகை, கிடாவெட்டு, மாப்பிள்ளை விருந்து. வீட்டில் வளர்ந்த கோழி என்றால் ஒரம்பரை (விருந்தாளிகள்) வந்த நாள். மற்ற நாட்களில் கம்பஞ்சோறு, சோளச்சோறு, ராகிக்களி, கொள்ளு, தட்டைப்பயறு, கீரைக் கடைசல், மோர். பல்லடத்தைச் சுற்றிக் கறிக்கோழிப் பண்ணைகள் பெருகிய பிறகு கோழிக்கறி வாரத்தில் எந்த நாளும் வாங்கக்கூடிய பொருளாகிவிட்டது. அதே காலத்தில் கம்பும் சோளமும் தட்டிலிருந்து இறங்கி, அரிசி மூன்று வேளைக்கும் ஏறிவிட்டது. கறி கூடியதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். பயறும் சிறுதானியமும் காணாமல் போனதுதான் எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிகிறது.

நெகிழ்சைவத்தால் பலன் உண்டா என்றால், உண்டு என்று நினைக்க ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் அட்வெண்டிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த 60,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு 2009இல் வெளியானது. வழக்கமாகக் கறி சாப்பிட்டவர்களில் 7.6 சதவீதத்தினருக்கு இரண்டாம் வகை சர்க்கரை நோய் இருந்தது. எப்போதாவது மட்டும் கறி சாப்பிட்டவர்களில் அது 6.1 சதவீதம். பாலும் முட்டையும் சேர்க்கும் சைவர்களில் 3.2, பால்கூடச் சேர்க்காதவர்களில் 2.9. எடையும் இதே வரிசையில்தான் இறங்கியது. அந்தச் சபையினர் பொதுவாகப் புகைப்பதில்லை, குடிப்பதும் குறைவு. நம் ஊர் அரிசிச் சாப்பாடும் அவர்களுடையது அல்ல. எனவே இந்த எண்களை அப்படியே இங்கே பொருத்த வேண்டாம். எப்போதாவது கறி சாப்பிடுபவர்கள் இரு தரப்புக்கும் நடுவில் நிற்கிறார்கள் என்பதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

படி 1: ஒரு வாரத்தை எழுதுங்கள்

எதையும் மாற்றாமல், திங்கள் முதல் ஞாயிறு வரை வீட்டில் என்ன சமைத்தீர்கள், வெளியில் என்ன வாங்கினீர்கள் என்று ஒரு நோட்டில் குறியுங்கள். கறி, மீன், முட்டை வந்த வேளைகளுக்கு ஒரு குறி, பயறு அல்லது பருப்பு வந்த வேளைகளுக்கு ஒரு குறி, கீரைக்கு ஒன்று. சாம்பாரில் பருப்பு கரண்டியில் நிற்கும் அளவுக்கு இருந்தால் மட்டுமே கணக்கில் சேருங்கள். வாரக் கடைசியில் அந்தப் பக்கத்தைப் பார்த்தாலே எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். பல வீடுகளில் கறிக் குறிகள் நினைத்ததைவிடக் குறைவாகவும், பயறுக் குறிகள் நினைத்ததைவிட மிகக் குறைவாகவும் இருக்கும்.

படி 2: கறிக்கு நாளும் அளவும் வையுங்கள்

"குறைத்துக்கொள்கிறேன்" என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வது நிற்காது. நாள் குறிக்க வேண்டும். நமக்கு இது எளிது. செவ்வாய், வெள்ளி, அமாவாசை, கிருத்திகை, சஷ்டி என்று வீட்டுக்கு வீடு கறி சமைக்காத நாட்கள் ஏற்கெனவே இருக்கின்றன. பழனிக்கு மாலை போட்ட வீடென்றால் தை மாதம் பெரும்பகுதி சைவம்தான். அந்த நாட்களை முதலில் காலண்டரில் குறித்துவிட்டு, மிச்சத்தில் ஞாயிறு ஒன்று, புதன் ஒன்று என்று கறி நாளை வைத்துக்கொள்ளுங்கள். இப்போது வாரம் ஐந்து நாள் கறி எடுக்கும் வீடென்றால் உடனே ஒன்றுக்கு இறங்க வேண்டாம். மூன்றுக்கு வாருங்கள், ஒரு மாதம் கழித்து இரண்டுக்கு.

அளவுக்கு ஒரு கணக்கு. 2019இல் ஈட்-லான்செட் என்ற பன்னாட்டு அறிவியலாளர் குழு வெளியிட்ட உணவுத் திட்டத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஆடு, மாடு, பன்றி இறைச்சி எல்லாம் சேர்ந்து 14 கிராம், கோழி 29 கிராம், மீன் 28 கிராம் என்று வைத்திருக்கிறார்கள். நாள் கணக்கில் கேட்டால் சிரிப்பு வரும் அளவு. வாரக் கணக்காக்கி நான்கு பேருக்குப் பெருக்கினால், எலும்பு நீக்கிய எடையில் ஆட்டுக்கறி ஏறக்குறைய 400 கிராம், கோழி 800 கிராம், மீன் 800 கிராம். அரைக்கிலோ வெள்ளாட்டுக்கறியும் ஒரு கிலோ கோழியும் வாங்கினால் எலும்பு போக அந்த அளவை ஒட்டியே வரும். சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இதிலும் குறைவே போதும். ஞாயிறு மதியம் கறிக் குழம்பு வைத்துச் சாப்பிடும் சாதாரணக் கொங்கு வீடு இந்த அளவுக்கு வெகு தூரத்தில் இல்லை. அதை மீறுவது ஞாயிற்றுக் குழம்பால் அல்ல. வார நாட்களில் இரவு வாங்கி வரும் கோழி வறுவலாலும் பிரியாணிப் பொட்டலத்தாலும்தான். வெட்ட வேண்டியது அதை. சாசேஜ், சலாமி போன்ற பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் சேர்த்தது. அவற்றுக்கு நாளும் வேண்டாம், அளவும் வேண்டாம்.

படி 3: தினம் ஒரு பயறு

இந்த ஒரு படியை மட்டும் செய்தாலும் பாதி தூரம் வந்துவிட்டீர்கள். கறி இல்லாத நாளில் புரதம் கிடைக்காது என்ற பயம் நம் வீடுகளில் ஆழமாக இருக்கிறது. பயத்தைக் கணக்குப் போட்டே தீர்த்துக்கொள்ளலாம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு, கிலோவுக்கு 0.83 கிராம் என்ற இந்தியப் பரிந்துரைப்படி ஒரு நாளைக்கு 50 கிராம் புரதம் வேண்டும். அரிசியும் சிறுதானியமுமாக 250 கிராம் தானியத்தில் ஏறக்குறைய 20 கிராம் வரும். சமைப்பதற்கு முன் 60 கிராம் பயறில் 13 கிராம். ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம், நிலக்கடலையில் 7 கிராம். 300 மில்லி பாலும் தயிருமாக 9 கிராம். மொத்தம் 49; காய்கறியும் கீரையும் மிச்சத்தை நிரப்பிவிடும். தானியத்தில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் பயறில் நிறைய இருக்கிறது, பயறில் குறைவது தானியத்தில் இருக்கிறது. களிக்குக் கொள்ளும் சோறுக்குப் பருப்பும் துணையாக வந்தது உடம்புக்குப் பொருத்தமான சேர்க்கை.

இந்தக் கணக்கில் பயறை எடுத்துவிட்டுப் பாருங்கள், 36 கிராமில் நின்றுவிடும். கறியையும் குறைத்துப் பயறையும் வைக்காத புரட்டாசிச் சாப்பாட்டின் நிலைமை அதுதான்.

கொள்ளில் தொடங்குங்கள். இரவில் ஊறப்போட்டு, காலையில் புதுத் தண்ணீர் விட்டு நன்றாக வேகவைத்து, வடித்த நீரில் மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு ரசம் வையுங்கள். வெந்த கொள்ளைச் சின்ன வெங்காயம், வறமிளகாய், சீரகம், கொத்தமல்லியோடு சேர்த்துக் கடைந்தால் கொள்ளுப் பருப்பு. ஒரே வேலையில் சோற்றுக்கு இரண்டும் கிடைத்துவிடும். பச்சைப்பயறை ஊறவைக்காமல் வறுத்துக் கடையலாம், அரை மணி நேர வேலை. தட்டைப்பயறும் கத்தரிக்காயும் போட்ட குழம்பு களிக்கும் சோறுக்கும் பொருந்தும். நரிப்பயறு, மொச்சை, அவரைப் பருப்பு, கொண்டைக்கடலை என்று ஏழு நாளுக்கு ஏழு இருக்கின்றன. ஊறவைப்பதும் முளைகட்டுவதும் செரிமானத்துக்கு உதவுவதோடு, இரும்பையும் துத்தநாகத்தையும் கட்டிப்போடும் ஃபைட்டேட்டையும் குறைக்கும். வயிறு உப்பும் என்று பயறை ஒதுக்கியவர்கள் சிறிய அளவில் தொடங்கி இரண்டு மூன்று வாரங்களில் கூட்டிக்கொண்டால் பெரும்பாலும் பழகிவிடும்.

அரிசிம்பருப்புச் சாதத்துக்கு ஒரு தனிச் சொல். அவசரத்துக்கு நம் வீடுகளில் வைக்கும் முதல் சாப்பாடு அது. ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு போடுகிறீர்கள் என்றால் அரை டம்ளர் ஆக்குங்கள். சுவை கெடாது, தண்ணீர் மட்டும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். வேறு எதையும் மாற்ற மனமில்லாத வீட்டில்கூட இந்த மாற்றத்தை யாரும் எதிர்க்கமாட்டார்கள்.

படி 4: அரிசியின் இடத்தில் கொஞ்சம் கம்பும் ராகியும்

வாரம் மூன்று வேளை போதும். ராகியில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, வெள்ளை அரிசியில் அதில் சிறு பங்குதான் இருக்கிறது. கம்பில் இரும்பும் புரதமும் அரிசியைவிட அதிகம். ஆனால் சிறுதானியம் என்ற பெயருக்காக அளவில்லாமல் சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும், அதுவும் மாவுச்சத்துதான். கூழைவிடக் களியும் சோறும் மெதுவாகச் செரிக்கும். சிறுதானியப் பெயர் போட்ட பிஸ்கட் பொட்டலங்களின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். பலவற்றில் முதலில் இருப்பது மைதா.

படி 5: காய், கீரை, தேநீர்

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுபவரின் தட்டில் காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு அல்லது அதற்குப் பதிலாக முட்டை, கறி 85 கிராம், கடலை, விதைகள் 35 கிராம், பாலும் தயிரும் 300 மில்லி, தானியம் 250 கிராம், எண்ணெய் 27 கிராம். 400 கிராம் காய் என்பதுதான் நம் வீடுகள் எட்டாத எண். உழவர் சந்தைக்கு வாரம் இரண்டு முறை போகும் வீட்டுக்கு அது எட்டும். பொரியல் இரண்டு கரண்டி என்பதை ஒரு கிண்ணம் என்று மாற்றுங்கள். முருங்கைக்கீரை, தண்டுக்கீரை, பொன்னாங்கண்ணி என்று வாரம் மூன்று நாள் கடைசல் வையுங்கள், மேலே அரை எலுமிச்சையைப் பிழியுங்கள். செடியில் இருக்கும் இரும்பைக் குடல் உறிஞ்ச வைட்டமின் சி உதவும். சாப்பிட்டு முடித்த கையோடு குடிக்கும் டீயும் காபியும் அந்த உறிஞ்சலைக் குறைக்கும். கறியைக் குறைக்கும் பெண்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஒரு மணி நேரம் தள்ளி டீ குடித்தால் போதும்.

படி 6: முட்டை, மீன், பி12

வைட்டமின் பி12 இயற்கையாகக் கிடைப்பது விலங்கிலிருந்து வரும் உணவில்தான். பால், தயிர், முட்டை, மீன், ஈரல் இவற்றில் ஏதாவது வழக்கமாக உள்ளே போக வேண்டும். நெகிழ்சைவத்தில் எனக்குப் பிடித்த அம்சம் இதுதான்: முழுச் சைவத்தில் வரும் பி12 கவலைக்கு வாரம் ஒரு மீன் குழம்பும் சில முட்டைகளும் பெரும்பாலும் பதில் சொல்லிவிடுகின்றன. மேட்டூர், பவானிசாகர் அணை மீன் கிடைக்கும் ஊர்க்காரர்களுக்கு அதுவே நல்ல தேர்வு.

முட்டை விஷயத்தில் ஈட்-லான்செட் சொல்லும் ஒரு நாளைக்கு 13 கிராம், அதாவது வாரத்துக்கு ஒன்றரை முட்டை, நம் பிள்ளைகளுக்குப் போதாது என்பது என் கருத்து. நம் சத்துணவுக் கூடங்களில் பள்ளி நாட்களில் முட்டை கொடுக்கிறார்கள். கறியைக் குறைக்கும் வீட்டில் வளரும் பிள்ளைக்கு அந்த முட்டையைக் குறைக்காதீர்கள். நாமக்கல்லை வைத்துக்கொண்டு நாம் முட்டைக்குக் கஞ்சத்தனம் பார்க்க வேண்டியதில்லை.

சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்கு பி12 குறையக்கூடும். கால் மரத்துப்போவது, நாக்கு எரிச்சல், தீராத அசதி இருந்தால் டாக்டரிடம் சொல்லி இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

படி 7: கறி நாள் சட்டி

கறி நாளில் மனம் குளிரச் சாப்பிட வேண்டும், இல்லையென்றால் இந்த முறை நிற்காது. அளவைக் குறைத்தும் சுவையைக் காப்பாற்றுவது நம் சமையலில் ஏற்கெனவே இருக்கும் கலை. பள்ளிபாளையம் கோழியைப் பாருங்கள்: பொடியாக வெட்டிய கறி, கைநிறையச் சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல், வறமிளகாய். அரைக்கிலோ கோழி நான்கு பேருக்கு நிறைவாக வரும். எலும்போடு வைக்கும் தண்ணிக் குழம்பில் முருங்கைக்காய், கத்தரிக்காய் அல்லது சுரைக்காய் போட்டால் கறிச் சாறு காய்க்கு ஏறிவிடும், கறித் துண்டு குறைந்தது தெரியாது. கறி நாளிலும் ஒரு கீரையோ பொரியலோ தட்டில் இருக்கட்டும். ஞாயிறு என்றால் குழம்பும் வறுவலும் சோறும் மட்டும் என்ற வழக்கம் உடம்புக்குச் சுமை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காங்கயம், தாராபுரம் பக்கம் கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல நெற்றும் தின்று வளர்ந்த ஆடு வேறு. மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் தின்று சில வாரங்களில் எடை ஏறும் கறிக்கோழி வேறு. கிளுவை வேலிக்குள் மழையை மட்டும் நம்பி நிற்கும் அந்த மேய்ச்சல் நிலத்தில் பெரும்பாலும் வேறு பயிர் நன்றாக வராது. அதைக் கறியாகவும் பாலாகவும் மாற்றித் தருவது ஆடும் மாடும்தான். கறியே கூடாது என்று சொல்லும் முன் இந்த நிலத்தைப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். குறைவாகச் சாப்பிடுவோம், சாப்பிடும்போது மேய்ந்து வளர்ந்ததற்குக் கூடுதல் விலை கொடுத்து வாங்குவோம் என்பதே என் நிலை.

படி 8: வெளியில்

கோவை ரோட்டுக்கடைக் காளான் சைவம்தான். முட்டைக்கோசும் மைதாவும் எண்ணெயில் பொரிந்து சாஸில் குளித்து வரும் அந்தத் தட்டைவிட வீட்டில் வைத்த கோழிக் குழம்பு எவ்வளவோ மேல். பேக்கரி பப்ஸ், தேங்காய் பன், பரோட்டா, காளிஃபிளவர் பொரிப்பு எல்லாவற்றுக்கும் இதே கதை. சைவம் என்ற பெயர் எதையும் நல்ல சாப்பாடாக ஆக்கிவிடாது. திருப்பூரில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள் மாலை டீக்கு ஒரு பொட்டலம் வறுத்த நிலக்கடலையோ அவித்த பயறோ கையில் எடுத்துச் செல்லலாம்.

விசேஷ வீட்டு விருந்தில் கணக்குப் பார்க்காதீர்கள். கிடாவெட்டுக்கு அழைத்த மாமன் வீட்டில் இலையை மறித்துக்கொண்டு உட்கார்வது உறவுக்கு அழகல்ல. அந்த வாரத்தின் கறி நாள் அதுவாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பருப்புக் கடையுங்கள். நெகிழ்வு என்பதன் பயன் இங்கேதான். வீட்டில் மாமியாரோ மாமனாரோ முழுச் சைவமாக இருந்தால் இந்த முறை வந்த பிறகு சமையல் இன்னும் எளிது: வாரம் ஐந்து நாள் ஒரே சட்டி, எல்லோருக்கும்.

படி 9: நெகிழ்சைவம் கவனிக்காத மூன்று

எண்ணெய், உப்பு, சர்க்கரை. ஒருவருக்கு ஒரு நாள் 27 கிராம் என்றால் நான்கு பேர் வீட்டுக்கு மாதம் ஏறக்குறைய மூன்றரை லிட்டர் எண்ணெய். கடலை எண்ணெயானாலும் செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயானாலும் கணக்கு அதேதான். உப்பு ஒருவருக்கு ஒரு நாள் 5 கிராம். ஒரு கிலோ பாக்கெட் நான்கு பேருக்கு 50 நாள் வர வேண்டும், ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் சேர்த்து. மாதத் தொடக்கத்தில் மளிகைச் சீட்டு எழுதும்போதே இந்த அளவை எழுதிவிடுங்கள். அடுப்படியில் நின்றுகொண்டு குறைக்க முயல்வதைவிட அது சுலபம்.

யார் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பயறிலும் கீரையிலும் இருக்கும் பொட்டாசியமும் புரதமும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. டாக்டர் சொன்ன அளவே அளவு. சர்க்கரைக்கு மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று பாதியாக்கினால் தாழ் சர்க்கரை வரலாம். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், இரத்தச்சோகை உள்ளவர்கள் கறியைக் குறைக்கும் முன் இரும்பு, பி12 நிலையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வயதானவர்களுக்குப் பசி குறைவு, மெல்லவும் சிரமம். அவர்கள் தட்டில் முட்டையும் கடைந்த பருப்பும் தயிரும் குறையக் கூடாது.

படி 10: மூன்று மாதம் கழித்து

தராசை மட்டும் நம்ப வேண்டாம். டேப்பை எடுத்துத் தொப்புளுக்குச் சற்று மேலே இடுப்பை அளந்து, தொடங்கிய நாளில் எழுதியதோடு ஒப்பிடுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80க்கும் கீழே இருப்பது இந்திய உடலமைப்புக்குச் சொல்லப்படும் அளவு. ஹீமோகுளோபினும், சர்க்கரை உள்ளவர்கள் மூன்று மாதச் சராசரியும் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு மறுபடியும் ஒரு வாரத்தை நோட்டில் எழுதுங்கள். இடுப்பு குறையாமல் கறிக் குறிகள் மட்டும் குறைந்திருந்தால் பயறுக் குறிகளை எண்ணிப் பாருங்கள். அவையும் சரியாக இருந்தால் சோற்றின் அளவையும் மாலை நேர பேக்கரியையும் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் இறங்கியிருந்தால் கறியைக் கூட்டுவதற்கு முன் டாக்டரைப் பார்த்துக் காரணம் கேளுங்கள்.